கைப்பிடி இருந்த பக்கம்

...மோட்டாரை நிறுத்தினாள், அது நிச்சயம், அந்த இரைச்சல் அடங்கியதும் காதுக்குள் ஏதோ காலியானது போல இருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வால்வின் கைப்பிடியை உள்ளங்கையால் கீழே அழுத்தினாள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முறைத்துக்கொண்டு மேலே தள்ளும், அந்த முறைப்பு இப்போதும் மணிக்கட்டில் இருக்கிறது, ஆனால் அது இன்று காலையின் முறைப்பா, நேற்றையதா, போன வாரத்தினுடையதா, வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் அதே மாதிரிக் கைப்பிடியை அதே கையால் அழுத்துகிறவள் ஓர் அழுத்தலை இன்னோர் அழுத்தலிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பாள்... தோட்டத்தில் குளம் வெட்டக் கூப்பிட்டிருந்த பெரியவர் மறுபடியும் கேட்டார், இந்த வளைவு போதுமா, இன்னும் கொஞ்சம் வேலிப் பக்கம் தள்ளலாமா என்று. அவள் புல்லின் மேல் கிடந்த பச்சைக் குழாயைப் பார்த்தாள். செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய்தான், அதைத் தரையில் வளைத்துப் போட்டு, குளம் இந்த வடிவத்தில் வரும் என்று காட்டுவது அவள் வழக்கம், காகிதத்தில் படம் போட்டுக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், குழி தோண்டிய பிறகு இப்படி வரும் என்று நினைக்கவே இல்லையே என்பார்கள். பெரியவர் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் குழாயின் ஒவ்வொரு வளைவைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய அபிப்பிராயங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார். போதும் சார், இதற்கு மேல் தள்ளினால் மரத்து வேரில் இடிக்கும் என்றாள் அவள். சொன்னது சரிதான், குரலும் சரியாகத்தான் வந்தது, வாய் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, அப்படியென்றால் காலையில் கையும் தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கும்தானே, செய்திருக்கும், செய்திருக்க வேண்டும்.

காலையில் மோட்டாரை நிறுத்தியது அக்கா வீட்டு நீச்சல்குளத்தில், வாராவாரம் அதை இவள்தான் பார்த்துக்கொள்வாள். அக்காவும் அத்தானும் வெளியூர் போயிருக்கிறார்கள், சாவி இவளிடம், இன்னொரு சாவி இவள் வீட்டு ஆணியில். நான்கைந்து நாளாகப் பெய்த மழையில் பூச்செடிப் பாத்தியின் மண்ணெல்லாம் கரைந்து குளத்துக்குள் இறங்கி, அடியில் மாவு போலப் படிந்திருந்தது. அவ்வளவு நைஸான சேற்றை வடிகட்டித் தொட்டிக்குள் விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும், அதனால் வால்வை 'வேஸ்ட்' பக்கம் திருப்பி, குளத்தின் அடிவாய் வழியாக உறிஞ்சி, நேராகத் தெருச் சாக்கடைக்கே அனுப்பினாள். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, கைப்பிடியை மறுபடி 'ஃபில்டர்' பக்கம் கொண்டுவந்து, மோட்டாரைப் போட வேண்டும். நிறுத்தினாள். கைப்பிடியில் கை வைத்தாள். அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள், அக்கா மொட்டை மாடியில் காயப்போட்ட மிதியடியைப் பற்றிக் கேட்டாள், நனைஞ்சே போச்சா என்று, இவள் ஆமாம் என்றாள், அத்தான் பின்னாலிருந்து ஏதோ கிண்டல் சொன்னார், சிரித்தார்கள், மிதியடி, ஆமாம், நீல மிதியடி, அந்த மிதியடியின் ஓரக் கிழிசல் வரைக்கும் கண் முன்னால் இருக்கிறது, கைப்பிடி மட்டும் இல்லை. அடுத்து ஞாபகத்தில் இருப்பது கேட்டைப் பூட்டுவது, உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அப்படியென்றால் மோட்டாரைப் போட்டிருக்கிறாள், மோட்டாரைப் போட்டவள் கைப்பிடியைத் திருப்பாமலா போட்டிருப்பாள்... ஏன், போட்டிருக்க முடியாதா என்ன?

போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை அவள் மனம் அவள் அனுமதி கேட்காமலே வரைந்து காட்டியது. தண்ணீர் இந்நேரம் இடுப்புக்கு இறங்கியிருக்கும், சாயங்காலத்துக்குள் காலி. வெறும் தண்ணீர் போனால் போகட்டும், மறுபடி நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் அது சிமெண்ட் போட்டுக் கட்டிய குளம் இல்லை, ஃபைபரில் வார்த்து மண்ணுக்குள் இறக்கி வைத்தது, பெரிய படகு மாதிரி, உள்ளே தண்ணீர் இருக்கும்வரைதான் அது குளம், தண்ணீர் போய்விட்டால் படகுதான். சுற்றிலும் மண் மழையில் ஊறிக் கிடக்கிறது, அடியில் ஊற்று ஏறியிருக்கும், கனமில்லாத தொட்டியை அது கீழேயிருந்து நெம்பி மேலே தூக்கிவிடும். முதலில் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், குளம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பி, ஒருபக்கம் சாய்ந்து, ஓரத்துக் கற்களெல்லாம் பல் விழுந்த வாய் போலப் பிளந்து நின்றது, வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இப்போது அதே மாதிரி அக்காவின் குளம் எழும்புகிறது, மெதுவாக, சத்தமில்லாமல், நீல நிறம் புல்லுக்கு மேலே தெரிகிறது, அக்காவின் சாய்வு நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன, பக்கத்தில் யாருமே இல்லை, மத்தியான வெயிலில் அது பாட்டுக்கு மிதந்து வேலியைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது... சே, என்ன நினைப்பு இது.

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் முடிந்தது. ஸ்கூட்டர் வாசலில்தான் நிற்கிறது. ஆனால் போகக்கூடாது, அதுதான் பேச்சு. சின்ன வயதில் வாசல் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள் என்று அக்கா இவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தாள், ஏய் பூட்டு, சாப்பிட வா என்று வீடே கூப்பிட்டது, அப்போது அது வேடிக்கை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு வேடிக்கை போய்விட்டது. ஒரு வீட்டில் வேலை முடித்துத் தெருமுனைக்குப் போனதும் திரும்பி வருவாள், வால்வைப் பார்ப்பாள், குளோரின் டப்பாவின் மூடியைப் பார்ப்பாள், ஆசிட் கேன் அதற்குப் பக்கத்தில் இல்லையே, இரண்டும் கலந்தால் விஷப்புகை, என்று பார்ப்பாள், போவாள், மறுபடி வருவாள். கண்ணுக்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கும், முதுகைத் திருப்பியதும் கலைந்துவிடும். ஒரு வீட்டுக்காரம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஏம்மா, எதையாவது தொலைச்சிட்டியா, நானும் வந்து தேடட்டுமா என்று கேட்டார். அன்றைக்குத்தான் கணவன் அவளை உட்கார வைத்துப் பேசினான். குழி வெட்டுவது, கல் அடுக்குவது, டைல்ஸ் ஒட்டுவது அவன் வேலை, மெஷின் வேலை முழுக்க இவளுடையது, அப்படித்தான் ஆரம்பித்தார்கள். அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஒரு தடவ செஞ்சா செஞ்சதுதான், இனிமே திரும்பிப் போறது கிடையாது. முடியலைன்னா சொல்லு, மெஷின் வேலைய வேற ஆளுகிட்ட குடுத்துடலாம், நீ படம் போடு, போதும்" என்றான். அவள் அவன் கையில் கை வைத்துச் சரி என்றாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட அவள் திரும்பிப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நேராக ஓட்டினாள், இரவில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வால்வாக மனதுக்குள் போய் வந்தாள், ஆனால் உடம்பு போகவில்லை. எதுவும் ஆகவும் இல்லை. எங்கேயும் எதுவும் தவறவில்லை, ஒரு வாடிக்கையாளரும் குறை சொல்லிக் கூப்பிடவில்லை. பார்த்தியா, நீ சரியாத்தான் செய்யற, உன் மனசுதான் கோளாறு பண்ணுது என்று அவன் சொன்னான், அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, நல்ல அழுகைதான் அது. இப்போது போனால் அத்தனையும் போச்சு. கைப்பிடி சரியாக இருந்தால் இவளுக்கு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். சரியாக இல்லை என்றால்... அதை நினைக்கவே வேண்டாம்.

பெரியவருக்கு அருவி வேண்டும். பின்பக்கச் சாலையில் வண்டிகள் போகும் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறதாம், தண்ணீர் விழும் ஓசை அதை மறைத்துவிடுமாம். அவர் மனைவிக்கு அருவியே வேண்டாம், அசையாத தண்ணீர், நாலு அல்லி, இரண்டு மீன், போதும். இவர் குறட்டைக்கு ஊர்ல இருக்கிற அருவியெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் ஒண்ணும் கேக்காது என்றார். பெரியவர் அது காதிலேயே விழாதது போலக் குழாயைக் காலால் ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்த அம்மாள் அதை மறுபடி இழுத்து வைத்தார். அவள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள், அருவியைச் சின்னதாக, ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கலாம், மீதித் தண்ணீர் அசையாது, ஆனால் கீழே குளத்தைக் கொஞ்சம் ஆழமாக எடுக்க வேண்டும், ஏனென்றால் அருவி ஓடும்போது குளம் வழியாது, நிற்கும்போதுதான் வழியும், மேலே ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்து சேரும், அதற்கு இடம் விடாமல் வெட்டிவிட்டுப் பிறகு புல்தரை முழுக்கச் சேறாகி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றாள். பெரியவர் ரசித்துத் தலையாட்டினார். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, நாங்க ஊர்ல இல்லாதப்ப மோட்டார் நின்னுபோச்சுன்னா? மீன் செத்துடாதா? யாரு வந்து பாப்பா?" ஒன்றும் ஆகாதும்மா என்று அவள் சிரித்தாள், இரண்டு நாள் மோட்டார் நின்றாலும் மீனுக்கு ஒன்றும் வராது, எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, நீங்கள் கவலையை விடுங்கள். எவ்வளவு அழகாகச் சொல்கிறாள், எவ்வளவு நம்பிக்கையான குரல், அந்த அம்மாளின் முகம்கூடத் தெளிந்துவிட்டது, இந்தக் குரலை எடுத்துத் தன் காதில் ஊற்றிக்கொள்ள ஒரு வழி இல்லையே... சாயங்காலத்துக்குள் காலி. இப்போது முழங்கால் அளவுக்கு இறங்கியிருக்கும். அடிமண் கனக்கிறது. சார், அருவிக்குக் கல் எப்படி இருக்கிறது என்று கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் வாய் சொன்னது, அவள் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. இப்பவா, வெயில்ல, என்றார் பெரியவர். போகட்டும் விடுங்க, அவ திரும்பி வர்றதுக்குள்ள நீங்க நாலு தடவ அளந்து வைங்க என்றார் அந்த அம்மாள்.

கல் கடை இடதுபக்கம், அவள் வலதுபக்கம் திரும்பினாள். திரும்பும்போதே ஒரு குரல், இது திரும்பிப் போவது ஆகாது, இது அக்கா வீடு, வாடிக்கையாளர் வீடு இல்லை, அக்கா வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மிதியடியை எடுத்து உள்ளே போடப் போகிறேன், அவ்வளவுதான். இன்னொரு குரல், மிதியடிக்காகவா இந்த வேகத்தில் ஓட்டுகிறாய்? சிக்னலில் நின்றபோது கைபேசியை எடுத்தாள், அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, இந்த ஒரு தடவை மட்டும், மழை பெய்திருக்கிறது, ஃபைபர் தொட்டி, உங்களுக்கே தெரியும்... அவன் சரி போ என்றுதான் சொல்வான், அந்தச் 'சரி'க்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவான், அந்த இடைவெளியைத்தான் தாங்க முடியாது. கைபேசியை உள்ளே வைத்துவிட்டாள். அக்கா தெருவுக்குள் நுழைந்ததும் சாக்கடையில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது, வண்டியை மெதுவாக்கினாள், பக்கத்துத் தெருவிலும் ஓடியதே, மழைத் தண்ணீராக இருக்கும், ஆனால் மழைத் தண்ணீர் இவ்வளவு தெளிவாகவா இருக்கும், வண்டியை நிறுத்திக் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள், குளோரின் வாசனை வந்தது, ஆனால் அது அவள் விரலில் எப்போதும் இருக்கிற வாசனை, குளித்தாலும் போகாது, விரலை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. எதிர்வீட்டில் தபால் போட்டுவிட்டு வந்த தபால்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்.

கேட்டைத் திறந்தபோது குளம் மேலே வந்திருக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தது. நிறையத் தண்ணீர், நீலமாக, ஒன்றுமே நடக்காதது போல. கால்கள் தன்பாட்டுக்கு மோட்டார் அறைக்குப் போயின. கைப்பிடி ஃபில்டர் பக்கம் இருந்தது. குனிந்து பார்த்தாள், எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள், ஃபில்டர்தான், அழுத்தமானியின் முள்ளும் சரியான இடத்தில் நின்றது. மூச்சு வந்தது. ஆனால் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை, அதற்குப் பதிலாக ஓர் அசட்டுத்தனம் வந்தது, இதற்காகவா, இத்தனை வாரக் கட்டுப்பாட்டையும் இதற்காகவா உடைத்தாய்? வெளியே வந்து குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஓரத்து டைல்ஸுக்குக் கீழே நின்றது, ஈரக் கோடு ஒன்று அதற்கு மேலே தெரிந்தது. காலையில் சேற்றை உறிஞ்சும்போது கொஞ்சம் இறங்கியது, அடுத்த மழை நிரப்பிவிடும் என்று குழாயைத் திறந்துவிடாமல் போனாள், அந்த இறக்கம்தான் இது. இவ்வளவா இறங்கியது? இருக்கும். இவ்வளவுதான் இருக்கும்.

"என்னம்மா, இன்னைக்குத் தலைகீழா இருக்கு?" வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அம்மாள், கொடியில் துணி காயப்போட்டபடி, வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். புரியவில்லை என்பது போலப் பார்த்தாள். அவர் கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னார். "எப்பவும் நீ போனதும் உன் வீட்டுக்காரர் வருவாரு. இன்னைக்கு அவரு போனதும் நீ வர்ற. ஷிப்டு மாத்திட்டீங்களா?" அவள் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்பதால். எப்பவுமா? எப்பவும்தான், வாராவாரம், நீ போய்க் கொஞ்ச நேரத்துல வண்டி வந்து நிக்கும், பொண்டாட்டி மேல அவ்வளவு நம்பிக்கைன்னு எங்க வீட்டுக்காரர்கூடச் சொல்லிச் சிரிப்பாரு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். இன்றைக்கு ரொம்ப நேரம் இருந்தாரா என்று அவள் கேட்டாள், தன் குரல் அருவியையும் மீனையும் பற்றிப் பேசிய அதே நம்பிக்கையான குரலாகவே வந்தது ஆச்சரியமாக இருந்தது. "எங்க இருந்தாரு. உள்ள போனாரு, மோட்டார் நின்னுது, திரும்ப ஓடுச்சு, கெளம்பிட்டாரு." மோட்டார் நின்றது. பார்த்துவிட்டுப் போகிறவன் மோட்டாரை எதற்கு நிறுத்த வேண்டும், கைப்பிடியைத் திருப்புவதாக இருந்தால்தானே நிறுத்த வேண்டும்... அல்லது கூடையில் இலை அடைத்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்திருப்பான், அதற்கும் நிறுத்தத்தான் வேண்டும். மத்த நாளெல்லாம் மோட்டார் நிக்குமாம்மா, இல்ல இன்னைக்கு மட்டுந்தானா? அந்த அம்மாள் ஒரு போர்வையை உதறினார். "அதெல்லாம் யாரும்மா கவனிச்சா. எனக்கு வேற வேல இல்லையா?"

உள்ளே போனதும் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது? உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். வேஸ்ட் பக்கம் இருந்து அவன் திருப்பினான் என்றால், இத்தனை வாரமும் எத்தனை வீட்டில் எத்தனை கைப்பிடியைத் திருப்பினானோ, ஒன்றும் தவறவில்லை பார்த்தியா என்று சொன்ன அந்த ராத்திரியில் அவன் கையில் அந்த ஸ்பிரிங்கின் முறைப்பு இருந்திருக்குமோ. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது என்றால், சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் மறுவாரம் வந்தான், அதற்கு அடுத்த வாரம் ஏன் வந்தான்? எது வேண்டும் உனக்கு, எது இருந்தால் தேவலை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள், இரண்டும் வேண்டாமாக இருந்தது. கைபேசி அடித்தது, அவன்தான். எங்க இருக்க என்றான். கல் கடைக்கு வந்தேன், அருவிக்குக் கல் பார்க்கணும் என்றாள். நானும் இங்க டைல்ஸ்தான் ஒட்டிக்கிட்டு இருக்கேன் என்றான், அவள் கேட்காமலே. பிறகு, காலைல அக்கா வீட்டு வேல முடிஞ்சுதா என்றான். முடிஞ்சுது. ஒண்ணும் பிரச்சினை இல்லையே? அவள் தண்ணீரைப் பார்த்தாள், ஈரக் கோட்டைப் பார்த்தாள். இதோ, இப்போது கேட்டுவிடலாம், நாலே வார்த்தை, உள்ளே போனப்ப எந்தப் பக்கம் இருந்துச்சு, கேட்டால் அவன் பொய் சொல்ல மாட்டான், அவனால் முடியாது, கேட்காத வரைக்கும்தான் அவனால் முடிந்திருக்கிறது. "ஒண்ணும் இல்ல" என்றாள். அந்தப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி. "சரி" என்றான்.

எப்ப வீட்டுக்கு வருவீங்க என்று கேட்டாள். இன்னும் ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துடறேன் என்றான், எந்த இடம் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் பிறகு காலையில் அவள் பல் டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தாள், அங்கே குளோரின் போட்டாள், டப்பா மூடியைத் திருகினாளா... அவன் கைபேசியை இன்னும் வைக்கவில்லை, அவன் பக்கத்தில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது, டைல்ஸ் ஒட்டுகிற இடத்தில் இவ்வளவு வண்டி போகாது, தெருவில்தான் எங்கேயோ நிற்கிறான், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கைபேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அவசரமாக, அவள் முன்பு தெருமுனையில் நிற்பாளே அதே மாதிரி. முன்பெல்லாம் அவன் படுத்தால் அசையாமல் தூங்குகிறவன். கொஞ்ச நாளாக ராத்திரியில் அவன் பக்கத்திலும் கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது, புழுக்கத்தில் புரள்கிறான் என்று நினைத்தாளே, அது இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது. லைன்ல இருக்கியா என்றான். இருக்கேன் என்றாள், நீங்க ஹெல்மெட் போட்டிருக்கீங்களா என்று கேட்க வாயெடுத்து, இருக்கேன் என்று மறுபடியும் சொன்னாள்.